செமே மண்ணும் தேவாலா மண்ணும்: உலோகத்துக்கு அரை ஆயுள் உண்டா?

9 ஜூன் 2024, கூடலூரிலிருந்து வந்த கேள்வி

"என் தம்பி கஜகஸ்தானில் செமே நகரத்தில் மருத்துவம் படிக்கிறான். அந்தப் பக்கம்தான் சோவியத் காலத்து அணுகுண்டுச் சோதனைத் திடல். கடைசிச் சோதனை 1989-இல். சீசியத்துக்கு அரை ஆயுள் 30 வருடம், ஆகவே பாதிக்கு மேல் போய்விட்டது, இன்னும் 30 வருடம் பொறுத்தால் அந்த மண்ணில் உருளைக்கிழங்கே போடலாம் என்கிறான். நான் சொன்னேன், அது அவர்கள் பாடு. நல்லவேளை, நம் நீலகிரி மலையில் அப்படி எந்த உலோகமும் மண்ணில் இல்லை. சரிதானே அக்கா?"

9 ஜூன், இரவு

இரண்டுமே சரியில்லை தம்பி.

செமேயில் இருப்பவர் போட்ட கணக்கில் பிழை கிடையாது. அரை ஆயுள் என்பது இருக்கும் கதிரியக்கப் பொருளில் பாதி சிதைந்து போக ஆகும் காலம். குண்டு விட்டுப்போகும் கதிரியக்க உலோகங்கள் பல, அவற்றில் சீசியத்தை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பிழை. அந்தத் திடலில் 1949 ஆகஸ்ட் 29-இல் தொடங்கி 1989 வரை 456 சோதனைகள். வெட்டவெளியில் வெடித்தது 1962-ஓடு முடிந்தது, அதன்பின் சுரங்கத்திலும் ஆழ்துளையிலும். 1962-இல் விழுந்த சீசியம் இப்போது கால்வாசிதான் மிச்சம். ஸ்ட்ரான்ஷியமும் ஏறக்குறைய அதே கதி. ஆனால் வெடிக்காமல் சிதறிய புளூட்டோனியத்தின் அரை ஆயுள் 24,100 வருடம். 1949-இல் விழுந்ததில் இதுவரை குறைந்தது ஆயிரத்துக்கு இரண்டு பங்கு.

கதிரே வீசாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஈயம், செம்பு, பெரிலியம் போன்ற உலோகங்கள். குண்டைத் தாங்கிய இரும்புக் கோபுரம், அளவெடுக்கப் போட்ட கேபிள், கதிரைத் தடுக்க அடுக்கிய ஈயக் கட்டி எல்லாம் ஒரு நொடியில் ஆவியாகி மண்ணோடு மண்ணாகிவிடும். 1945 ஜூலை 16-இல் அமெரிக்காவில் முதல் குண்டு வெடித்த இடத்தில் மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியானது. சில துண்டுகள் மட்டும் சிவப்பு. கேபிளில் இருந்த செம்பு அந்தக் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்த நிறம் அது. அந்தச் செம்புக்கு அரை ஆயுள் ஏது? ஆயிரம் வருடம் கழித்துப் போனாலும் அது செம்புதான்.

நம் மலையைப் பற்றிச் சொன்னதற்கு நாளை வருகிறேன். அதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனமில்லை.

10 ஜூன்

முதலில் ஒரு விடுபாடு. யுரேனியத்தை நேற்று எழுதவில்லை. அதன் கதிரியக்கம் மெதுவானது, அரை ஆயுள் சுமார் 450 கோடி வருடம், பூமியின் வயது. ஆனால் அது உடம்புக்குள் போனால் முதலில் அடிபடுவது சிறுநீரகம், அதுவும் கதிரால் அல்ல, ஈயம் போல ஒரு கன உலோகமாக. கதிர்வீச்சு மானியை வைத்துப் பார்த்து "ஊசி அசையவில்லை, இடம் சுத்தம்" என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஈயத்துக்கும் பெரிலியத்துக்கும் அந்த ஊசி அசையவே அசையாது.

11 ஜூன்

நான் 22 வருடம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இப்போது கட்டபெட்டு பக்கம் ஒன்றரை ஏக்கர், கேரட்டும் ஓரத்தில் கொஞ்சம் தேயிலையும். ஆயிரக்கணக்கான மண் பொட்டலங்களைச் சலித்த கை இது. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: "எங்கள் மண்ணில் ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை.

மண்வள அட்டை வைத்திருப்பீர்கள். 2015-இல் வந்த திட்டம். அதில் 12 விஷயங்கள் இருக்கும்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அப்புறம் கார அமில நிலை, உப்பு அளவு, அங்கக கரிமம். எடுத்துப் பாருங்கள். ஈயம் இருக்கிறதா? காட்மியம்? பாதரசம்? இல்லை. அட்டை மேல் எனக்குக் குறை கிடையாது, அது பயிருக்கு என்ன பசி என்று கேட்கும் அட்டை. மண்ணில் என்ன நஞ்சு என்று அது கேட்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு "இல்லை" என்று நாமே பதில் எழுதிக்கொள்கிறோம்.

15 ஜூன்

குன்னூரிலிருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார்: "மேல் மண்ணில்தானே நஞ்சு? ஆழமாக உழுது புரட்டிவிட்டால் கீழே போய்விடாதா?"

இதையே செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு அண்ணா. தெற்கு ஆஸ்திரேலியாவின் மராலிங்கா. 1956, 1957-இல் பிரிட்டன் அங்கே ஏழு குண்டுகளை வெடித்தது. ஆனால் மண்ணை அதிகம் கெடுத்தவை அந்த ஏழும் அல்ல, 1963 வரை நடந்த "சின்னச் சோதனைகள்". குண்டு தீயில் சிக்கினால், தவறி வெடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க, சாதாரண வெடிமருந்தை வைத்துப் புளூட்டோனியத்தைச் சிதறடித்தார்கள். டரனாகி என்ற ஒரே இடத்தில் 22 கிலோ. மற்ற திடல்களில் யுரேனியமும் பெரிலியமும்.

1967-இல் போகும்போது சுத்தம் செய்கிறோம் என்று டிராக்டர் விட்டு உழுதார்கள். மேலே ஒரு படலமாகக் கிடந்தது மண்ணோடு கலந்துபோனது. சுரண்டி எடுத்திருந்தால் ஒரு சாண் மண்ணோடு முடிந்திருக்கும். 1990-களில் திரும்பவும் சுத்தம் செய்ய வந்தபோது அதைவிட எவ்வளவோ அதிகமாக அள்ளி, பெரிய குழிகளில் புதைத்து, மேலே பல அடி நல்ல மண் போட வேண்டியதாயிற்று. மின்சாரத்தால் மண்ணை உருக்கிக் கண்ணாடியாக்கும் முறையும் நடந்தது. 1999-இல் ஒரு குழி உருகிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது, அந்த முறையைக் கைவிட்டார்கள். செலவு 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

என்னை இதில் உறுத்துவது வேறு. அந்த நிலத்துக்காரர்கள் தரையில் அமர்ந்து, தரையில் தீ மூட்டி, தரையில் படுத்து வாழ்ந்த பழங்குடிகள். புளூட்டோனியம் தோலில் பட்டால் பெரிய ஆபத்தில்லை, தூசியாக மூச்சில் போனால்தான் ஆபத்து. நாற்காலியில் உட்காருகிறவனுக்கு ஒரு அளவு என்றால், மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு அதே அளவு போதுமா? நிலத்தின் கடைசிப் பகுதி அவர்கள் கைக்குத் திரும்பியது 2009-இல்.

ஆகவே உழாதீர்கள் அண்ணா. சந்தேகம் இருக்கும் மண்ணை முதலில் தொடாமல் விடுவதுதான் நல்லது.

16 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். உருளைக்காகக் கொத்திப் புரட்டிப் போட்ட பாத்தியைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. நம் மலை மண்ணிலும் அணுகுண்டு விழுந்திருக்கிறது, மழையாக.

1950-களிலும் 60-களிலும் வெட்டவெளியில் வெடித்ததெல்லாம் மேலே போய் உலகம் முழுக்கச் சுற்றி இறங்கியது. உச்சம் 1963-ஐ ஒட்டி. அந்த வருடம்தான் வெட்டவெளிச் சோதனைகளை நிறுத்தும் ஒப்பந்தம் வந்தது. மழை எங்கே அதிகமோ அங்கே அதிகம் இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழையில் என்ன குறை?

பயப்பட வேண்டிய அளவு அல்ல, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மண் அரிப்பை ஆராய்கிறவர்களுக்கு இந்தச் சீசியம் ஒரு அடையாள மை மாதிரி. உழாத பழைய புல்வெளியில் அது மேல் மண்ணில் அப்படியே இருக்கும். பக்கத்துச் சரிவில் உழுத தோட்டத்தில் குறைந்திருந்தால், அவ்வளவு மண் கீழே போய்விட்டது என்று அர்த்தம். தோடர் குடியிருப்பான மந்தையை ஒட்டிய புல்வெளிக்கும் எங்கள் சரிவுக்கும் நடுவே அப்படி ஒரு கணக்கு எடுத்தால் எனக்கு என்ன பதில் வரும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

22 ஜூன்

நிறையப் பேர் பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து உரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யாரோ எங்கோ கேள்விப்பட்டது, "பொட்டாஷ் போட்டால் பயிரில் கதிரியக்கம் ஏறாது" என்று. ஆதாரம் இல்லாத பேச்சல்ல, ஆனால் அது எங்கே பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

பசிபிக்கில் பிகினி தீவு. அமெரிக்கா 1946 முதல் 1958 வரை சோதனை நடத்திய இடம். பிறகு மக்களைத் திரும்பக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அவர்கள் தேங்காய் சாப்பிட்டார்கள். உடம்பில் சீசியம் ஏறிக்கொண்டே போனது, 1978-இல் மறுபடி வெளியேற்றினார்கள். அது பவள மண். களி கிடையாது, சாம்பல் சத்தும் இல்லை. சீசியமும் பொட்டாசியமும் வேருக்கு ஒரே முகம். பசியில் இருக்கும் தென்னை இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இழுத்துக்கொள்ளும். பிறகு அங்கே பொட்டாஷ் உரம் போட்டுப் பார்த்தார்கள். வேருக்கு வயிறு நிறைந்ததும் தேங்காயில் சீசியம் வெகுவாகக் குறைந்தது.

எனக்கு மிகப் பிடித்த சங்கதி இது. அணுகுண்டு விட்டுப்போனதை நம் தோட்டத்து மூட்டை உரம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஈயத்துக்கு, காட்மியத்துக்கு, பாதரசத்துக்குப் பொட்டாஷ் ஒன்றும் செய்யாது. அவற்றில் ஈயத்தையும் காட்மியத்தையும் பயிருக்குப் போகாமல் பிடித்து வைக்க மண்ணின் புளிப்பைக் குறைக்க வேண்டும். நம் மலை மண்ணின் கார அமில நிலை பெரும்பாலும் 4.5-இலிருந்து 5.5. நல்ல புளிப்பு. காட்மியம் கரைந்து வேருக்குப் போக இதைவிட வசதியான மண் இல்லை. சுண்ணாம்பும் டோலமைட்டும் போடச் சொல்லி நம்மிடம் மன்றாடுவது விளைச்சலுக்கு மட்டுமல்ல.

23 ஜூன்

"காட்மியம் நம் மண்ணுக்கு எப்படி வரும்? இங்கே என்ன தொழிற்சாலை?" என்று கேட்ட தங்கைக்கு: உர மூட்டையில் வரும்மா. மணிச்சத்து உரமெல்லாம் பாறை பாஸ்பேட்டிலிருந்து வருவது. அந்தப் பாறையில் இயற்கையாகவே கொஞ்சம் காட்மியமும் யுரேனியமும் கலந்திருக்கும், எவ்வளவு என்பது எந்தச் சுரங்கம் என்பதைப் பொறுத்தது. ஒரு வருடத்தில் வருவது அற்பம். ஆனால் போனது திரும்பாது, சேரும். தேயிலைக்காரர்கள் செம்பையும் கணக்கில் சேருங்கள். கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலைக்கு வந்தது 1946-இல். அன்றிலிருந்து எத்தனை மழைக்காலம், எத்தனை முறை செம்பு மருந்து? இலையில் அடித்தது மழையில் கழுவி மண்ணுக்குத்தான் வந்தது.

2 ஜூலை

16-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும் எழுதியதில் ஒரு திருத்தம். களி இருந்தால் சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். எந்தக் களி என்று சொல்லியிருக்க வேண்டும். அடுக்கடுக்காக அப்பிரகம் போல இருக்கும் களிதான் சீசியத்தை இடுக்கில் இறுக்கிப் பிடிக்கும். நம் மலை மழையில் கழுவிக் கழுவி முதிர்ந்த செம்மண். கயோலின், கிப்சைட் என்ற தாதுக்கள் அதிகம். அந்தப் பிடி அவ்வளவு இறுக்கமாக இராது. மண்ணோடு மண்ணாகச் சரிவில் இறங்கும் கதை மாறாது, ஆனால் "நம் மண் பார்த்துக்கொள்ளும்" என்று நான் எழுதியதாக யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

7 ஜூலை, நீளமாக

தம்பி, நீ கூடலூர்க்காரன். "நம் மலையில் உலோகம் இல்லை" என்று நீ எழுதியதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தேவாலா. உடனே எழுதாததற்குக் காரணம், அது என் வீட்டுக் கதை.

1880-ஐ ஒட்டிய சில வருடங்களில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கப் பைத்தியம் பிடித்தது. லண்டனில் பங்கு விற்றுக் கம்பெனிகள் வந்தன, வெள்ளைக் கல்லை இடிக்கும் எந்திரங்கள் மலையேறின. தங்கம் எதிர்பார்த்த அளவு வரவில்லை, ஓடிப்போனார்கள். சுரங்கங்கள் திறந்தபடியே கிடந்தன. அந்தக் காலத்தில் இடித்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பயன்பட்டது பாதரசம்.

கம்பெனிகள் போன பிறகும் ஜனங்கள் நிற்கவில்லை. என் தாய்மாமா அதில் ஒருவர். பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போவேன். அவர் இரவில் குழிக்குள் போய்க் கல் கொண்டுவருவார், அத்தை அதை உரலில் இடித்து மாவாக்குவாள், தொட்டித் தண்ணீரில் அரிப்பார்கள். அப்புறம் அடியில் தங்கும் கறுப்பு வண்டலில் மாமா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைச் சாய்ப்பார். உள்ளங்கையளவு குப்பி, தூக்கினால் கை இறங்கும், அவ்வளவு கனம். விரலால் பிசைவார். வெள்ளி மணிகள் ஓடி ஓடி ஒன்று சேரும். சேர்ந்ததை வேட்டித் துணியில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் துணி வழியாகப் பாதரசம் முத்து முத்தாகக் கசிந்து மறுபடி குப்பிக்குப் போகும். துணியில் நிற்பது ஒரு சாம்பல் நிற உருண்டை, மிளகை விடக் கொஞ்சம் பெரிது. அதைத் தகர மூடியில் வைத்து அடுப்பில் காட்டுவார். வெளியே மழை, கதவு சாத்தியிருக்கும். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறம் போய் மஞ்சள் தெரியும். எனக்கு அது ஒரு அதிசயம், பக்கத்தில் குனிந்து பார்ப்பேன்.

போனது எங்கே? கூரைக்குப் போனது, சுவரில் படிந்தது, எங்கள் மூச்சில் போனது. அரித்த தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சேம்பங்கொல்லையில் பாய்ந்தது. அந்தச் சேம்பைத்தான் குழம்பு வைத்தார்கள்.

கடைசிக் காலத்தில் மாமாவுக்குக் கை நடுங்கும். டீ தம்ளர் பிடிக்க முடியாது. குளிரில் கிடந்த உடம்பு என்றார்கள். பாதரச ஆவி நரம்பைத் தாக்கி நடுக்கம் தரும் என்று நான் படித்தது ஆய்வுக் கூட வேலைக்கு வந்த பிறகு. அதுதான் காரணம் என்று எழுத என்னிடம் சான்று இல்லை. சோதித்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது செமேக்கு வருகிறேன். அந்தத் திடலில் தெகலென் என்று ஒரு மலை. அதற்குள் 181 சுரங்கங்கள், 209 சோதனைகள். சோவியத் கலைந்த பிறகு சம்பளமில்லை, வேலையில்லை. ஜனங்கள் மூடிய சுரங்கங்களை உடைத்து உள்ளே போனார்கள், செம்புக் கம்பிக்காக. பழைய இரும்புக் கடையில் அதற்கு விலை இருந்தது. உள்ளே வெடிக்காத புளூட்டோனியம் கிடந்தது. கஜகஸ்தான், ரஷ்யா, அமெரிக்கா மூன்றும் சேர்ந்து கான்கிரீட் ஊற்றி அடைத்து முடிக்க 2012 ஆயிற்று.

அந்தச் செம்புக் கம்பிக்காரனையும் என் மாமாவையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கம்பி வலை போட்டு "அபாயம்" பலகை மாட்டினால் போதும் என்று நினைக்கிறவர்கள், அந்தப் பலகையைத் தாண்டிப் போகிறவன் வீட்டில் அன்று உலை வைத்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

8 ஜூலை

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேறொன்றும் எழுத இன்று தோன்றவில்லை.

19 ஜூலை

பழனி மலையிலிருந்து, பண்ணைக்காட்டுப் பக்கம் காபி போட்டிருக்கும் ஒரு ஐயா, "கொடைக்கானலை விட்டுவிட்டீர்களே" என்று கேட்டிருந்தார். விடவில்லை ஐயா. அது உங்கள் ஊர்க் கதை, உங்களைவிட எனக்கு அதிகம் தெரியாது என்று ஒதுங்கியிருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980-களின் தொடக்கத்தில் அப்படியே பெயர்த்துக் கொடைக்கானலில் வைத்தார்கள். 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே வந்தது, ஆலை மூடியது. 2003-இல் பாதரசக் கழிவு சுமார் 290 டன் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளிகள் 591 பேரோடு 2016-இல் கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது.

மண் மட்டும் அங்கேயே நின்றது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று ஒரு இலக்கு, அது போதாது என்று ஊர்க்காரர்கள். மராலிங்காவில் கேட்ட அதே கேள்விதான் இது: யாருக்கு எவ்வளவு போதும்? குடியிருப்பு மனைக்கு ஒரு அளவு சொல்லலாம். சோலையில் விழும் தண்ணீர் குடியிருப்பு மனையில் நிற்பதில்லையே. வண்டலில் போய்ச் சேரும் பாதரசத்தை அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றும், அது மீனில் ஏறும். மண்ணில் இருந்த ஒரு மில்லிகிராமும் மீனில் இருக்கும் ஒரு மில்லிகிராமும் ஒன்றல்ல.

மரத்தில் ஒட்டியிருக்கும் பாசியையும் கற்பாசியையும் வைத்து அங்கே காற்றில் பாதரசம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். அவற்றுக்கு மண்ணில் வேர் இல்லை, காற்றும் மழையும் கொடுப்பதைத்தான் சாப்பிடும்.

4 ஆகஸ்ட்

ஒரு பிழையை எழுதிவிடுகிறேன், இங்கே என்னைப் பார்த்து மண் எடுக்க ஆரம்பித்தவர்கள் ஏமாறக் கூடாது.

ஜூன் கடைசியில் என் தோட்டத்து மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். முறைப்படிதான் எடுத்தேன். மேலே கிடக்கும் இலைதழையை ஒதுக்கி, 'வி' மாதிரி ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒரு வில்லை சீவி எடுக்க வேண்டும். அப்படிப் பத்து இடம். எல்லாவற்றையும் வாளியில் கலந்து, சாக்கில் கொட்டிப் பரப்பி, நான்கு பங்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கலந்து, மறுபடி நான்கு. அரைக் கிலோ வரும்வரை. கால் பங்கீட்டு முறை என்போம்.

துத்தநாகம் அளவுக்கு மீறி வந்தது. கோழி எருவில் வந்ததோ என்று இரண்டு நாள் யோசித்தேன். கோழித் தீவனத்தில் துத்தநாகமும் செம்பும் சேர்ப்பது உண்டு, எருவில் அது வெளியே வரும். பிறகு அந்த வாளியைப் பார்த்தேன். பழைய துத்தநாக முலாம் பூசிய தகர வாளி. அடியில் முலாம் உரிந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. புளிப்பான ஈர மண் அதைச் சுரண்டி எடுத்திருக்கிறது.

பிளாஸ்டிக் வாளி, மூங்கில் சில்லு, புது துணிப்பை. மறுபடி எடுத்து அனுப்பியிருக்கிறேன். பாதரசத்துக்குப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு எச்சரிக்கை: மண்ணை வெயிலிலோ அடுப்பிலோ காய வைக்காதீர்கள். பாதரசம் பறந்துவிடும், அறிக்கை சுத்தமாக வரும், நிலம் அப்படியே இருக்கும்.

5 ஆகஸ்ட்

இன்னும் ஒன்று விட்டுப்போனது. வழக்கமான நுண்சத்துச் சோதனை ஒரு கரைசலில் மண்ணைக் குலுக்கி, பயிருக்குக் கிடைக்கும் பங்கை மட்டும் அளக்கும். மண்ணில் மொத்தம் எவ்வளவு ஈயம் என்று அறிய அமிலத்தில் வேகவைத்துக் கரைக்க வேண்டும். இரண்டும் வேறு எண்கள். அறிக்கையில் எது என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் பங்கைக் காட்டி "பாதுகாப்பான அளவுக்குள்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை மண்ணை வாயில் போட்டால் வயிற்று அமிலம் அந்தக் கரைசலைப் போல் மென்மையாக இருக்காது.

18 ஆகஸ்ட்

மூன்று நாளாக மழை. கேத்தி பக்கம் கேரட் கழுவும் இடத்துக்குப் போயிருந்தேன். மூட்டை மூட்டையாக மிஷினில் கொட்டுகிறார்கள், ஆரஞ்சு நிறம் பளிச்சென்று வருகிறது, காபி நிறத் தண்ணீர் ஓடையில் இறங்குகிறது. ஓடையோரம் படிந்த வண்டலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மணல் உறுத்தவே இல்லை, வெண்ணெய் மாதிரி. நம் தோட்டத்தின் மிக நுண்ணிய பகுதி அது. உலோகம் ஒட்டிக்கொள்வதும் அந்த நுண்ணிய பகுதியில்தான். மணலைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அன்று எத்தனை தோட்டத்தின் மேல் மண் எந்த அணைக்குப் போனது?

பசிபிக்கில் அமெரிக்கா குண்டு சோதித்த எனிவெடாக் என்ற பவளத் தீவுக் கூட்டத்தில், சோதனை முடிந்து 20 வருடம் கழித்து, 1977 முதல் 1980 வரை கெட்ட மண்ணைச் சுரண்டிச் சேர்த்தார்கள். 1958-இல் ஒரு குண்டு தோண்டிய பள்ளத்திலேயே சுமார் 73,000 கன மீட்டர் கொட்டி, மேலே ஒன்றரை அடி கனத்துக்குக் கான்கிரீட் மூடி போட்டார்கள். அடியில் எதுவும் போடவில்லை. பவளம் சல்லடை. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது வெளியே போகிறது. மேலே மூடியை மட்டும் பார்ப்பவனுக்கு எல்லாம் பத்திரமாகத்தான் தெரியும். ஜூன் மாதம் நான் "தொடாமல் விடுங்கள்" என்று எழுதினேனே, அதைச் சரிவான நிலத்துக்கு அப்படியே சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது. நம் மலையில் தொடாமல் விட்டாலும் மழை தொடும். புல்லோ வெட்டிவேரோ போட்டு மண்ணைக் கட்ட வேண்டும், அதுவும் கீழ்ச்சரிவில் முதலில்.

1 செப்டம்பர்

துத்தநாகம் சாதாரண அளவு. வாளிதான் காரணம். ஈயமும் காட்மியமும் மொத்த அளவில் கேட்டிருந்தேன், கவலைப்படும்படி இல்லை. தேயிலை ஓரத்து மண்ணில் செம்பு கேரட் பாத்தியைவிடக் கூடுதல், அது எதிர்பார்த்ததுதான். அங்கே மட்டும் டோலமைட் போடுகிறேன்.

14 செப்டம்பர்

செமே தம்பி நேரடியாகவே எழுதியிருக்கிறான். நண்பர்களோடு "அணு ஏரி"யைப் பார்க்கப் போகிறார்களாம், நினைவாக அந்தக் கரையிலிருந்து ஒரு கல் எடுத்து வரலாமா என்று கேட்கிறான்.

வேண்டாம் கண்ணா. அது 1965 ஜனவரி 15-இல் நிலத்துக்கடியில் குண்டு வெடித்து உண்டாக்கிய பள்ளம், 400 மீட்டர் அகலம், 100 மீட்டர் ஆழம். கரையில் குவிந்திருப்பது அந்த வெடி வெளியே தள்ளிய மண். காற்றடிக்கும் நாளில் போகாதே. போனால் முகக்கவசம் போடு, தரையில் உட்காராதே, அங்கே எதையும் சாப்பிடாதே. திரும்பி வந்ததும் செருப்பை அறைக்கு வெளியிலேயே கழுவு. அந்தப் புல்லில் குதிரையும் ஆடும் மேய்வதைப் பார்ப்பாய், மேய்ப்பவர்களும் இருப்பார்கள். "30 வருடம் பொறுத்தால் உருளை போடலாமா" என்ற கேள்வியை அவர்களிடம் ஒரு கணக்காகக் கேட்காதே. அவர்கள் இன்றைக்கே அதில்தான் வாழ்கிறார்கள். முடிந்தால் டீ குடித்து, எந்தப் பக்கம் மேய்ப்பதில்லை, ஏன் என்று கேள். எந்த ஓடைத் தண்ணீரை ஆட்டுக்குக் காட்டுவதில்லை என்று கேள். கேட்டதை இங்கே எழுது.

15 செப்டம்பர்

கூடலூர்த் தம்பிக்கு. அடுத்த ஞாயிறு தேவாலா போகிறேன். மாமா வீட்டில் இப்போது அவர் பேத்தி இருக்கிறாள், கைக்குழந்தையோடு. சேம்பங்கொல்லை இருந்த இடத்தில் கீரை போட்டிருக்கிறாளாம். அடுப்படிக்குப் பக்கம் ஒன்று, கொல்லையில் மூன்று, ஓடை வண்டலில் ஒன்று, ஐந்து பை. நிழலில் ஆறவைத்து, பாதரசத்துக்குத் தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும். அறிக்கை வரும்வரை அந்தக் கீரையைப் பறிக்காதே என்று நேற்றே போனில் சொல்லிவிட்டேன். நீயும் வருவதானால் பிளாஸ்டிக் வாளி ஒன்று கொண்டு வா, என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.